பனியும் பகலவனும்

தமிழ்நாட்டில் பனி என்றவுடன், மார்கழி வைகறையில் புல்நுனிமேல் தங்கி நிற்கும் நீர்த்துளியே நினைவுக்கு வரும். கதிரவன் எழுந்து சில நாழிகை கழிவதற்குள் அது இருந்த இடம் தெரியாமல் மறைந்துவிடும். வட அமெரிக்காவில், கனடா நாட்டின் எல்லையை ஒட்டி அமைந்துள்ள வெர்மாண்ட் மாநிலத்தின் பனியோ வேறு வகையானது. நவம்பர்த் திங்களில் வானினின்று பஞ்சுத் துகள்போல் விழத் தொடங்கும் வெண்பனி, ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, குளிர்காலம் முழுவதும் நிலத்தை மூடிக் கிடக்கும். மலைப்பாங்கான இடங்களில் ஏப்பிரல் திங்களிலும் அதனைக் காணலாம்.

வெர்மாண்ட்டின் நாட்டுப்புறங்களில் வீடுகள் தெருத்தெருவாக நெருங்கி நிற்பதில்லை. ஊர்ச் சாலையினின்று நூறு அடி, இருநூறு அடி, சில இடங்களில் இன்னும் தொலைவில், வயலுக்கும் மரக்கூட்டத்துக்கும் நடுவே அவை தனித்தனியாக நிற்கும். சாலையையும் வீட்டையும் இணைப்பது ஒரு வண்டிப்பாதை. ஊர்ச் சாலையின் பனியை அகற்றுவது ஊராட்சியின் கடமை. வண்டிப்பாதையின் பனியை அகற்றுவது வீட்டுக்காரரின் பாடு. அம்மாநிலத்துச் சாலைகளிலேயே பாதிக்கு மேற்பட்டவை தார் காணாத சரளைச் சாலைகள் என்றால், தனியார் பாதைகளின் நிலையைச் சொல்லவேண்டியதில்லை. அவை பெரும்பாலும் மண்ணும் சரளையுமே.

இப்பாதை அடைபட்டால் வருந்துன்பம் சிறிதன்று. வெர்மாண்ட் கறவை மாடுகளுக்குப் பெயர்பெற்ற நாடு. மாடுகள் பனிக்காகப் பால் சுரப்பதை நிறுத்துவதில்லை. பால் கொண்டுசெல்லும் பெரிய தொட்டி வண்டி குறித்த நாளில் பண்ணைக்குள் வந்து சேராவிடில், தேக்கி வைத்த பாலைக் கீழே கொட்டுவதன்றி வேறு வழியில்லை. வீட்டைச் சூடாக வைக்கும் எண்ணெய் வரவேண்டியதும் அப்பாதையில்தான். நோயாளியை ஏற்றிச் செல்லும் ஊர்தி நுழைவதும் அப்பாதையில்தான்.

வண்டிப்பாதைக்குப் பகை இரண்டு. முதற்பகை வெண்பனி. இரண்டாம் பகை, அப்பனி உருகியபின் தோன்றும் சேறு. மார்ச்சு, ஏப்பிரல் திங்களை அந்நாட்டு மக்கள் சேற்றுப் பருவம் என்றே அழைக்கின்றனர். வேனில், உதிர்காலம், குளிர்காலம், இளவேனில் என்னும் நான்கோடு ஐந்தாவதாக அதனையும் ஒரு பருவமாக எண்ணுவது அவர்கள் வழக்கம். இரவில் உறைவதும் பகலில் இளகுவதுமாக நிலம் மாறிமாறி இருக்கும் அதே நாட்களில்தான் மேப்பிள் மரங்களில் இனிய சாறு ஊறும். அதைக் காய்ச்சிப் பாகு எடுப்பார்கள். வாய்க்கு இனிப்பும் காலுக்குச் சேறும் ஒருங்கே வந்து சேரும் பருவம் அது.

வெண்பனியை உருக்குவதற்கு எவ்வளவு வெப்பம் வேண்டும் என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். 30 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் கொண்ட ஒரு பாதையை எடுத்துக்கொள்வோம். வண்டி திரும்புவதற்குச் சிறிது இடமும் சேர்த்தால் அதன் பரப்பு 100 சதுர மீட்டர் ஆகும். அதன்மேல் ஓரிரவில் 30 சென்டிமீட்டர் உயரத்துக்குப் புதுப்பனி பெய்கிறது. புதுப்பனி மிகவும் இலேசானது. பத்துப் பங்கு பனி உருகினால் ஏறத்தாழ ஒரு பங்கு நீரே கிடைக்கும். அவ்வாறு இருந்தும், அப்பாதைமேல் கிடக்கும் பனியின் எடை ஏறத்தாழ 3,000 கிலோகிராம். மூன்று டன் சுமை, ஓசையின்றி, ஓரிரவில் வந்து இறங்கிவிடுகிறது.

ஒரு கிராம் பனிக்கட்டி சுழி டிகிரியிலிருந்து சிறிதும் சூடேறாமல் நீராக மாறுவதற்கு மட்டும் 80 கலோரி வெப்பம் வேண்டும். வெப்பமானியில் தோன்றாமல் மறைந்து நிற்பதால் இதனை மறைவெப்பம் என்பர். இக்கணக்கின்படி, பாதையிலுள்ள பனி முழுவதையும் உருக்க வேண்டிய வெப்பத்தைக் கொண்டு, உறைநிலையில் உள்ள 2,400 லிட்டர் நீரைக் கொதிக்கும் அளவுக்குச் சூடேற்றலாம். விறகையோ எண்ணெயையோ எரித்து இதனைச் செய்ய முற்படுவோர், ஒவ்வொரு பனிப்பொழிவுக்கும் பெரும்பொருள் செலவிட நேரும்.

இத்தகைய வேலையைக் கதிரவன் கூலியின்றிச் செய்யக்கூடுமா? கூடும் என்றே கணக்குக் கூறுகிறது. உருக்கத் தேவையான வெப்பத்தை மின்சாரக் கணக்கில் சொன்னால், சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 2.8 கிலோவாட் மணி. மார்ச்சுத் திங்களின் பிற்பகுதியில், வானம் தெளிந்த ஒரு நாளில், வெர்மாண்ட்டின் நிலத்தில் சதுர மீட்டருக்கு 4 முதல் 5 கிலோவாட் மணி அளவுக்குக் கதிரவன் ஆற்றல் வந்து விழுகிறது. ஒரு நாள் வெயிலே போதும், மிச்சமும் இருக்கும். ஆயினும் கண்ணெதிரே நடப்பது வேறு. காலை முதல் மாலை வரை பளீரென்று வெயில் காய்ந்தபின்னும் பனி பெரும்பகுதி அப்படியே கிடக்கிறது. வந்த வெப்பம் எங்கே போயிற்று?

வந்த வழியே திரும்பிப் போயிற்று என்பதே விடை. கற்கண்டு ஒன்றை வெளிச்சத்தில் பிடித்தால் அதன் ஊடே பார்க்கலாம். அதனையே அம்மியில் வைத்துப் பொடித்தால் வெள்ளை வெளேரென்று ஆகிவிடுகிறது. ஊடே ஒன்றும் தெரிவதில்லை. பொருள் மாறவில்லை, எண்ணற்ற சிறு முகங்கள் உண்டாகி, ஒவ்வொன்றும் ஒளியைச் சிதறடிக்கின்றன. வெண்பனியும் அவ்வாறானதே. தெளிந்த பனிக்கட்டியின் நுண்ணிய பளிங்குகள் கோடிக்கணக்கில் குவிந்து கிடப்பதால், தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு 80 முதல் 90 பங்கைப் புதுப்பனி திருப்பி அனுப்பிவிடுகிறது. எஞ்சிய சிறு பங்கே அதனை உருக்க உதவுகிறது. எனவே வெயிலின் குறைவால் பனி உருகாமல் இருப்பதன்று. வெயிலை ஏற்க மறுப்பதால் உருகாமல் இருக்கிறது. நாட்பட்டு அழுக்கேறிய பனி இவ்வளவு பிடிவாதம் காட்டுவதில்லை.

இவ்வுண்மையை மிக எளிய முறையில் ஆராய்ந்து கண்டவர் அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின். தையற்காரர் ஒருவருடைய மாதிரி அட்டையிலிருந்து சிறுசிறு துணித் துண்டுகளை அவர் எடுத்துக்கொண்டார். கறுப்பு, கருநீலம், இளநீலம், பச்சை, ஊதா, சிவப்பு, மஞ்சள், வெள்ளை எனப் பல நிறத் துண்டுகள் அவை. வெயில் நன்கு காய்ந்த ஒரு காலைப்பொழுதில் அவற்றையெல்லாம் வெண்பனிமேல் பரப்பி வைத்தார். சில மணி நேரம் கழித்துப் பார்த்தபோது, கறுப்புத் துணி வெயில் தன்மேல் படாத ஆழத்துக்குப் பனிக்குள் இறங்கியிருந்தது. கருநீலத் துண்டு ஏறக்குறைய அவ்வளவே தாழ்ந்திருந்தது. நிறம் வெளுக்க வெளுக்க ஆழமும் குறைந்தது. வெள்ளைத் துணியோ வைத்த இடத்திலேயே இருந்தது. இலண்டனில் தாம் தங்கியிருந்த வீட்டின் மகளான மேரி ஸ்டீவன்சன் என்பவருக்கு 1761ஆம் ஆண்டு எழுதிய மடலில் பிராங்க்ளின் இதனை விளக்கியுள்ளார். வெப்ப நாடுகளில் கறுப்பு உடை ஏற்றதன்று என்றும், வேனிற்காலத் தொப்பிகள் வெண்மையாக இருத்தல் வேண்டும் என்றும் அவர் அதனினின்று முடிவு கண்டார். பயன் தராத அறிவை அவர் அறிவென்றே மதித்தவரல்லர்.

கறுப்புத் துணி காட்டிய இவ்வுண்மையை ஏடு படியாத உழவரும் தம் பட்டறிவால் கண்டிருக்கின்றனர். இமயமலைக்கு அப்பால் இந்தியாவின் லடாக் பகுதியில் சான்ஸ்கார் என்னும் பள்ளத்தாக்கு உள்ளது. அங்கே பயிர் விளையும் காலம் மிகக் குறுகியது. விதைப்பு சில நாள் தாழ்ந்தாலும் கதிர் முற்றுமுன் மீண்டும் குளிர் வந்துவிடும். ஆதலின் அவ்வூர் மக்கள் இலையுதிர் காலத்திலேயே மண்ணைச் சேமித்து வைத்துக்கொள்வர். குளிர் தணியத் தொடங்கியதும் வயல்மேல் கிடக்கும் பனியின்மீது அதனைத் தூவுவர். மண் படிந்த பனி வெயிலை ஏற்று விரைவில் உருகி, வயலை உழவுக்கு விடுகிறது.

வெர்மாண்ட்டின் வண்டிப்பாதைக்கும் இம்முறை பொருந்தும். ஆயினும் அளவறிந்து செய்தல் வேண்டும். பனியின் பெரும்பகுதியை மண்வாரியாலோ பனி தள்ளும் வண்டியாலோ முதலில் அகற்றிவிட்டு, அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் படலத்தின்மேல் கருமணலை மெல்லியதாகத் தூவ வேண்டும். 'மிகுதியாகத் தூவினால் மிகுதியாக உருகும்' என்று எண்ணிவிடுதல் பிழை. மலைப் பனியாறுகளில் இதற்குச் சான்று உண்டு. அவற்றின்மேல் தூசியும் நுண்மணலும் மெல்லியதாகப் படிந்த இடங்களில் பனிக்கட்டி விரைந்து உருகுகிறது. மண்ணும் கல்லும் சில அங்குலம் மூடிய இடங்களிலோ உருகுதல் குறைந்துவிடுகிறது. வெயிலின் வெப்பம் அடிவரை சென்று சேருவதில்லை. பெரும்பாறை ஒன்று பனியாற்றின்மேல் கிடந்தால், சுற்றிலும் பனிக்கட்டி உருகித் தாழ, பாறையின் நிழலில் உள்ள பகுதி மட்டும் உருகாமல் ஒரு தூண்போல் நின்று அதனைத் தாங்கும். காண்போர்க்கு அது ஒற்றைக்கால் மேசைபோல் தோன்றும்.

அடுப்புச் சாம்பலையும் சிலர் தூவுவதுண்டு. வெயிலை ஏற்பதில் அது நன்றே. ஆனால் சாம்பல் மாவுபோல் நுண்ணியது. ஈரம் பட்டால் குழைந்து வழுக்கும். சரளையின் இடையே புகுந்து பின்னர்ச் சேற்றையும் பெருக்கும். கனன்ற தணல் ஒன்று அதில் மறைந்திருந்தால் நெருப்பும் பற்றும். மணல் அவ்வாறன்று, பனி உருகியபின்னும் பாதையில் நின்று சக்கரத்துக்குப் பிடிப்புத் தரும். கறுப்புப் பிளாஸ்டிக் விரிப்பைப் பரப்புவோரும் உளர். வெயிலை அது நன்கு ஏற்கும் என்றாலும், ஏற்ற வெப்பத்தில் ஒரு பகுதியைக் காற்று கவர்ந்து செல்கிறது. இரவில் விரிப்பு பனியோடு சேர்ந்து உறைந்துவிட்டால், மறுநாள் அதைப் பிரித்தெடுப்பதே ஒரு வேலையாகிவிடும். உப்புத் தூவுவது நகரத்துச் சாலைகளில் வழக்கம்; நாட்டுப்புறத்திலோ அது உருகிய நீரோடு கலந்து மரவேரையும் கிணற்றையும் கெடுக்கும்.

இவை எல்லாவற்றினும் நற்பயன் தருவது, பாதையில் ஓரிடத்திலாவது வெறுந்தரை தெரியும்படி செய்தல். கருத்த தரை வெயிலில் சூடேறினால், அதனைச் சுற்றியுள்ள பனி பக்கவாட்டில் உருகத் தொடங்கும். விளிம்பு பின்வாங்கப் பின்வாங்கத் தரை பெருகும். தரை பெருகப் பெருக உருகுதல் விரையும். குளிர்காலத்தில் அந்நாட்டுக் கதிரவன் தென்வானில் மிகத் தாழ்ந்தே செல்வதால், பாதையின் தென்புறத்தில் இலை உதிராத ஊசியிலை மரங்கள் நின்றால் நாள் முழுதும் நிழலே விழும். அங்கே எந்த மணலும் பயன்படாது. திசம்பர்த் திங்களிலும் இம்முறைகள் பயன்படா. அப்போது பகல் குறுகியது. வெயில் சாய்ந்து விழுகிறது. காற்றின் குளிரோ, உருகிய துளியை நின்ற இடத்திலேயே உறையச் செய்துவிடும்.

குளிர்காலத்தில் வெயில் போதாதெனில், வேனிற்கால வெயிலைச் சேமித்து வைக்கலாகாதா என்று பொறியியலார் எண்ணினர். சுவிட்சர்லாந்தில் தூன் ஏரியின் கரையிலுள்ள டேர்லிகன் என்னும் ஊரருகே, நெடுஞ்சாலைப் பாலம் ஒன்றில் 1994ஆம் ஆண்டு இதனைச் செய்து பார்த்தனர். பாலத்தின் மேற்பரப்புக்குள் ஏறத்தாழ 1,300 சதுர மீட்டர் அளவுக்குக் குழாய்களைப் பதித்தனர். அருகே பாறையில் 65 மீட்டர் ஆழமுள்ள 91 துளைகளைத் துளைத்தனர். கோடையில் சாலை காயும்போது, குழாயில் ஓடும் நீர்மம் அவ்வெப்பத்தைக் கொண்டுபோய்ப் பாறைக்குள் சேர்க்கும். குளிர்காலத்தில் அதே நீர்மம் அவ்வெப்பத்தை மீட்டுக்கொண்டு வந்து சாலையை உறைநிலைக்குக் கீழே போகாமல் காக்கும். மேலும் கீழும் குளிர்காற்று வீசுவதால் பாலங்கள் மற்றச் சாலைகளுக்கு முன்னரே உறைந்து ஊர்திகளைச் சறுக்கிவிடுவன; அவ்விடத்தில் இச்செலவு தகும். ஒரு பண்ணை வீட்டின் பாதைக்கு இது தகாது. பண்ணைக்காரர் மண்வாரியோடும் மணலோடும் மார்ச்சு வெயிலுக்காகக் காத்திருக்க வேண்டியவரே.

அவ்வெயில் வந்து பனி உருகியதும் அவர் இளைப்பாற இயலாது. இரண்டாம் பகை தோன்றும் நேரம் அது. 3,000 கிலோகிராம் பனி உருகினால் 3,000 லிட்டர் நீர். அந்நீர் எங்கே போகும்?

மற்ற நிலமாயின் நீரை உறிஞ்சிக்கொள்ளும். பாதையின் நிலமோ உறிஞ்சாது. காரணம் வியப்பானது. காற்றைத் தன்னுள் அடக்கியுள்ள வெண்பனி, கம்பளிபோல் நிலத்தின் வெப்பத்தைக் காக்கும். வயலில் அக்கம்பளி குளிர்காலம் முழுவதும் மூடிக் கிடப்பதால் மண் ஆழமாக உறைவதில்லை. பாதையிலோ பனியை நாள்தோறும் அகற்றிவிடுகின்றனர். கம்பளியை இழந்த நிலத்துக்குள் உறைவு மூன்றடி, நான்கடி ஆழத்துக்கும் இறங்கிவிடும். எவர் தம் பாதையை நன்கு துப்புரவாக வைத்திருந்தாரோ, அவர் பாதைக்கே சேறும் மிகுதி. உழைப்பிற்கு இப்படியொரு கூலி கிடைப்பது அந்நாட்டவரின் மனக்குறைகளுள் ஒன்று.

நிலம் உறையும்போது இன்னொன்றும் நிகழ்கிறது. உறைந்த மண் மேலே புடைத்து எழும். நீர் பனிக்கட்டியாகும்போது பருமன் மிகுவதே இதற்குக் காரணம் என நெடுங்காலம் கருதினர். அமெரிக்க நிலவியல் அறிஞர் ஸ்டீபன் டேபர் அக்கருத்தை 1930ஆம் ஆண்டளவில் மாற்றினார். உறையும்போது பெருகாமல் சுருங்கும் தன்மையுள்ள பென்சீன் என்னும் நீர்மத்தை மண்ணில் நிறைத்து, மேலிருந்து உறையவைத்தார். அப்போதும் மண் புடைத்தெழுந்தது. ஆகவே, உறையும் இடத்தை நோக்கி அடியிலுள்ள நீர் மண்ணின் நுண்புழைகள் வழியே ஏறிவந்து, தட்டுத் தட்டாகப் பனிக்கட்டியாய்ப் படிவதே புடைப்புக்கு முதற்காரணம் என்பது தெளிவாயிற்று. சரளையிலும் பருமணலிலும் இவ்வாறு நீர் ஏறுவது அரிது. வண்டல் போன்ற நுண்மண்ணிலேயே அது மிகுதி.

இளவேனிலில் நிலம் மேலிருந்து இளகத் தொடங்குகிறது. மேலே அரையடி மண் இளகியிருக்கும். கீழே மூன்றடி கல்போல் உறைந்திருக்கும். குளிர்காலத்தில் தேங்கிய பனித்தட்டுகளின் நீரும், மேலே உருகிய வெண்பனியின் நீரும், அடிப்பகுதி மூடிய தொட்டியில் நிற்பதுபோல் அந்த அரையடி மண்ணில் தங்கிவிடும். அதன்மேல் ஒரு வண்டி சென்றால் சக்கரம் அச்சுவரை புதையும். சாலைகள் சிதையாதிருக்க, அப்பருவத்தில் பல ஊராட்சிகள் கனரக வண்டிகளைச் சரளைச் சாலைகளில் செல்லவிடுவதில்லை.

இதனால், வெயிலைக் கொண்டு பனியை உருக்க விரும்புவோர், அந்நீர் வெளியேறும் வழியை அதற்கு முன்பே வகுத்துவிட வேண்டும். பனி தள்ளும் வண்டி பாதையின் இருமருங்கும் எழுப்பிய பனிச்சுவர்களே உருகிய நீருக்கு அணையாகி நிற்கும். ஆகவே பிப்ரவரித் திங்களிலேயே அச்சுவர்களைத் தாழ்வான பக்கமாக அப்பால் தள்ளுவர். தள்ள முடியாத இடத்தில் ஆங்காங்கே வெட்டி மடை திறப்பர். பாதையை ஆமை முதுகுபோல் நடு உயர்ந்து இருபுறமும் சரியும்படி கோடையிலேயே அமைத்திருப்பர். அதன் அடியில் நுண்மண் ஏறாதபடி வலிய செயற்கைத் துணியை விரித்து, மேலே கூர்முனைச் சரளையை இட்டிருந்தால் இன்னும் நன்று. உருகும் நாட்களில் குதிகாலால் மண்ணில் ஒரு கோடு கிழித்து, தேங்கிய நீரை ஓடைக்கு விடும் பண்ணைக்காரரை எங்கும் காணலாம். அக்கோட்டின் வழியே மாலைக்குள் நீர் வடிந்தால் அன்று வெயில் செய்த வேலை நிலைக்கும். வடியாவிடில் இரவில் அது கண்ணாடிபோல் உறைந்து, மறுநாள் நடப்போரை வீழ்த்தும்.

சக்கரத் தடத்தில் வைக்கோலையும் மரத்தூளையும் கொட்டுவோர் உண்டு. அன்றைக்கு வண்டி கடந்துவிடும். ஆனால் அவை ஈரத்தைப் பிடித்து வைத்து, மட்கி, அடுத்த ஆண்டுச் சேற்றுக்கு வித்தாகும்.

சேற்றுப் பருவத்தில் அந்நாட்டார் கடைப்பிடிக்கும் இன்னொரு முறைக்குப் பொருட்செலவே இல்லை. இரவின் குளிரில் பாதையின் மேற்பரப்பு மீண்டும் இறுகிக் கெட்டிப்படும். விடியற்காலையில் அது கல்தளம்போல் இருக்கும். வெயில் ஏறி ஒன்பது, பத்து மணி ஆனால் குழையத் தொடங்கும். ஆகவே கதிரவன் மரக்கிளைக்கு மேல் வருவதற்குள் வண்டிகள் வெளியேறிவிடும். காலந்தாழ்ந்தவர் சாலையோரத்தில் வண்டியை விட்டு, முழங்கால் உயர மிதியடி அணிந்து வீடுவரை நடப்பார். இவ்வாறு சில வாரங்கள் கழியும். ஒருநாள், கீழே எஞ்சியிருந்த உறைவின் கடைசித் தட்டும் இளகும். தொட்டியின் அடிப்பகுதி திறந்ததுபோல் நீர் முழுவதும் நிலத்துக்குள் இறங்கும். அடுத்த சில நாட்களில் பாதை உலர்ந்து கெட்டியாகும். பால்வண்டி நண்பகலிலும் பண்ணை வாயில்வரை வரத் தொடங்கும்.